மெருகேறிய சிலிண்டருக்கு எந்த ஹோன்?

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமானூர் ஒன்றியத்தில் சின்ன எஞ்சின்களுக்குப் பஞ்சமில்லை. ஆற்றோர ஆழ்குழாயில் தண்ணீர் எடுக்க ஐந்து குதிரைசக்தி ஆயில் எஞ்சின், வாய்க்கால் தண்ணீரை மேட்டு வயலுக்கு ஏற்ற பெட்ரோல் பம்பு, சேற்றுழவுக்குப் பவர் டில்லர், வரப்புப் புல்லுக்கு பிரஷ் கட்டர், இவற்றுக்கெல்லாம் டீசல் கேனைத் தூக்கிவர ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி. பட்டறைக்கு இவை வரும்போது சொல்லப்படும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆயில் குடிக்கிறது, கம்ப்ரஷன் இல்லை, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுபோகிறது. ரிங்கு செட்டை மாற்றினால் சரியாகும் என்று மாற்றுகிறார்கள். பத்து நாள் கழித்து அதே புகை.

ரிங்கு புதிதாக இருந்தும் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது ரிங்கு உரசுகிற சுவரை. சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருப்பது நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எஞ்சின் கம்பெனிகள் அதை வேண்டுமென்றே வழவழப்பில்லாமல் செய்து அனுப்புகின்றன. ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகளைச் சுவர் முழுக்கக் கீறி வைக்கிறார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்குகிறது. கோடுகளின் முகடு புது ரிங்கை லேசாகத் தேய்த்துத் தன் வடிவத்துக்குப் படிய வைக்கிறது. நாளாக ஆக முகடு மழுங்குகிறது. பள்ளத்தில் கருகிய ஆயில் மெருகெண்ணெய் போல இறுகி நிரம்புகிறது. சுவர் பளபளக்கத் தொடங்குகிறது. அந்தப் பளபளப்பின் மேல் புது ரிங்கு வழுக்கிக்கொண்டே ஓடும்; படியாது. மெருகைக் கிழித்து மறுபடி குறுக்குக் கோடு போடும் கருவிதான் ஹோன்.

எந்த ஹோனை வாங்குவது, எதை எந்த எஞ்சினில் விடுவது என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறுகிறது. பழைய மெக்கானிக்குகள் மூன்று கல் ஹோனைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. புதியவர்கள் பால் ஹோனைப் புகழ்கிறார்கள். எமரித்தாள் போதும் என்பவர்களும் உண்டு. மூன்று பேரும் தங்கள் கைக்கு அதிகம் வரும் எஞ்சினை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள் என்பதுதான் என் முடிவு. கருவியைப் பற்றிப் பேசும் முன் துளையைப் பற்றிப் பேச வேண்டும்: அது இன்னும் வட்டமாக இருக்கிறதா, எந்த உலோகம், சுவரில் ஓட்டை உண்டா, அடிப்பக்கம் திறந்ததா மூடியதா.

இந்தப் பகுதியில் மெருகு ஏன் இவ்வளவு சுலபமாக ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1990-க்குப் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானதும் ஆயில் எஞ்சின் பின்வரிசைக்குப் போனது. மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும், புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடையில் தண்ணீர் எட்டாதபோது அவசரத்துக்கு இறைப்பவர்களும்தான் இன்று அதை அதிகம் ஓட்டுகிறார்கள். கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு சில நாள் ஓடி, மறுபடி கிடக்கும். ஓடுகிற நாளிலும் அதற்குப் போதிய பாரம் இருப்பதில்லை. ஒரு கணக்கு போட்டால் தெரியும். நொடிக்கு பத்து லிட்டர் தண்ணீரை ஆறு மீட்டர் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய சக்தி சுமார் 590 வாட். பம்பின் திறன் பாதிதான் என்று எடுத்தாலும் 1,180 வாட், அதாவது 1.6 குதிரைசக்தி. ஐந்து குதிரைசக்தி எஞ்சினுக்கு இது மூன்றில் ஒரு பங்கு. டீசல் எஞ்சினை இப்படிக் குறைந்த பாரத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது, எரிந்த வாயுவின் அழுத்தமும் குறைவாக இருக்கும். ரிங்கு சுவரோடு இறுகி நிற்பது தன் சொந்த விறைப்பால் மட்டுமல்ல. அதன் பின்னால் புகும் வாயுவின் அழுத்தமே அதை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் குறைந்தால் ரிங்கு தளரும், ஆயில் மேலேறும், அரைகுறையாக எரியும், சுவரில் பூச்சாகப் படியும்.

தூசியையும் இங்கே பலர் குற்றம் சொல்கிறார்கள். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கவிடும் வெள்ளைப் புழுதியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சுண்ணாம்புக்கல் கடினத்தன்மையில் 3. ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. வெள்ளைப் புழுதி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். சுவரை அரம்போல அராவுவது கொள்ளிடத்து மணல்தான். ஃபில்டர் இல்லாமல் ஆற்றோரத்தில் ஓடிய எஞ்சினைத் திறந்தால் அங்கே மெருகைவிடத் தேய்மானமே பெரிதாக இருக்கும். மெருகை ஹோன் எடுத்துவிடும். தேய்மானத்துக்கு அதனிடம் மருந்து கிடையாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த போர் கேஜ் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ரிங்கும் போதும். பிஸ்டனைக் கழற்றி எடுத்து, சிலிண்டரைத் துடைத்து, ரிங்கை மட்டும் உள்ளே விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்த வேண்டும். முதலில் அடியில், பிஸ்டன் ரிங்கு எட்டாத இடத்தில், ரிங்கின் வாய் இடைவெளியை அளக்கலாம். அங்கே 0.30 மி.மீ. இருக்கிறது என்று வைப்போம். பிறகு மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, மேல் ரிங்கு திரும்புகிற இடத்தில் அளக்க வேண்டும். அங்கே 0.70 வந்தால் வித்தியாசம் 0.40. அதை 3.14-ஆல் வகுத்தால் மேலே துளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பது வரும்: ஏறக்குறைய 0.13 மி.மீ. இதைக் கம்பெனியின் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினின் 68 மி.மீ. துளைக்கு அந்தக் கம்பெனி வைத்திருக்கும் கடைசி வரம்பு 68.165 மி.மீ. அதைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். விரல் நகத்தை மேல் விளிம்பில் வைத்துக் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். படியில் தட்டுவது போல நகம் மாட்டிக்கொண்டால் அங்கே தேய்மானம் முற்றியிருக்கிறது. அந்தப் படியை எடுக்காமல் புது ரிங்கு போட்டால், மேல் ரிங்கு அதில் மோதி உடைவதும் உண்டு.

அகன்ற துளைக்கு லேத் பட்டறையில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். லைனர் கழலக்கூடிய எஞ்சினில் புது லைனரே போடலாம். நம் பக்கத்து ஐந்து குதிரைசக்தி டீசல் எஞ்சின்களில் பல பழைய ஆங்கில பெட்டர் எஞ்சினின் வார்ப்பில் வந்தவை; அவற்றில் ஒன்றான கிர்லோஸ்கர் ஏ.வி. 1-இன் அளவு 80 மி.மீ. துளை, 110 மி.மீ. வீச்சு, 1,500 சுற்று. சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அந்த லைனரைத் தட்டி வெளியே எடுத்துவிடலாம். கடையில் லைனர், பிஸ்டன், ரிங்கு, பின் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. புது லைனரில் குறுக்குக் கோடு ஏற்கெனவே இருக்கும். அதில் மறுபடி ஹோன் விடுவது வீண் வேலை. பழைய லைனர் அளவில் நிற்கிறது, பளபளப்பு மட்டும்தான் குறை என்றால் அப்போதுதான் ஹோனைக் கையில் எடுக்க வேண்டும்.

பட்டறைகளில் அதிகம் இருப்பது மூன்று கல் ஹோன். நடுத்தண்டிலிருந்து விரியும் மூன்று கைகளின் முனையில் நீளக் கற்கள். ஸ்பிரிங் அவற்றைச் சுவரோடு அழுத்தும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 51 முதல் 177 மி.மீ. வரை விரியும். ஒரே கருவியில் எக்ஸ்.எல். 100 வண்டியின் 51 மி.மீ. முதல் பெரிய டிராக்டர் சிலிண்டர் வரை அடங்கும் என்பதே இதன் பெருமை. கல் தேய்ந்தால் கல்லை மட்டும் மாற்றலாம். டீசல் எஞ்சினின் நேரான, இரு பக்கமும் திறந்த லைனருக்கு இது நல்ல கருவி. ஆனால் டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரில் இதை விடவே கூடாது. அதன் சுவரில் வாயு வந்துபோகும் ஜன்னல்கள் இருக்கின்றன. சுழலும் கல்லின் நுனி ஜன்னல் ஓரத்தில் விழுந்து எழும். கல் சிதறும் அல்லது ஜன்னலின் ஓரம் உடையும். அடி மூடிய சிலிண்டரிலும் இது ஆகாது. கல்லின் நுனி அடியில் முட்டும், அடிப்பகுதி உராயாமலே நின்றுவிடும்.

பால் ஹோன் என்பது ஒரு கம்பித்தண்டைச் சுற்றி வளையும் நைலான் இழைகளும் ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஓர் உராய்வு உருண்டையுமாக, திராட்சைக் கொத்து போல இருக்கும். அமெரிக்காவில் 1958-இல் தொடங்கிய பிரஷ் ரிசர்ச் கம்பெனியின் ஃப்ளெக்ஸ் ஹோன் என்ற பெயரில் உலகம் முழுக்கத் தெரிந்த கருவி. இப்போது பல நாட்டுத் தயாரிப்புகள் வருகின்றன. ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியாக வளைந்துகொடுப்பதால் ஜன்னல் ஓரத்தில் மாட்டாது, ஓரத்தின் கூர்மையையும் லேசாக மழுக்கிவிடும். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டருக்கு அது கூடுதல் நன்மை. அடி மூடிய சிலிண்டருக்கும் இதுதான் பொருந்தும். குறை என்னவென்றால், ஒரு துளை அளவுக்கு ஒரு ஹோன். 46 மி.மீ. துளையுள்ள பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டிக்கு வாங்கியதை 80 மி.மீ. லைனரில் விட முடியாது. வாங்கும்போது துளையின் அளவையே சொல்லி வாங்க வேண்டும். உருண்டைக் கொத்து துளையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் செய்யப்பட்டிருக்கும். அந்த மிகைதான் அழுத்தம் தருகிறது. நாமே இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கித் திணித்தால் இழைகள் ஒடியும். சரியான அளவு இல்லாவிட்டால் அடுத்த பெரிய அளவை எடுக்கலாம்: 80-க்கு 83, 68-க்கு 70.

பால் ஹோனைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கையை மறுத்தே ஆக வேண்டும். அது கோணிய துளையை நேராக்கும் என்பார்கள். ஆக்காது. துளை எப்படியிருக்கிறதோ அப்படியே தழுவிக்கொண்டு போவதுதான் அதன் குணம். முட்டை வடிவத் துளையில் விட்டால் அழகான குறுக்குக் கோடுகளுள்ள முட்டை வடிவத் துளை கிடைக்கும். ஸ்பிரிங் வைத்த மூன்று கல் ஹோனும் ஏறக்குறைய இதே கதைதான். துளையின் வடிவத்தைத் திருத்துவது கற்களைத் திருகால் இறுக்கி, விட்டுக்கொடுக்காமல் பிடிக்கும் இறுகிய ஹோன். 1924-இல் தொடங்கிய சன்னன் கம்பெனியின் கருவிகள் இதில் பெயர் பெற்றவை. போர் போட்ட பிறகு கடைசி அளவுக்குக் கொண்டுவர லேத் பட்டறைகள் பயன்படுத்தும் வகை இது. மெருகெடுக்க மட்டும் ஒருவர் இதை வாங்க வேண்டியதில்லை.

எமரித்தாளை விட்டுவிடவும் முடியாது. ஊர்ப்பட்டறைகளில் அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கிறது. 220 நம்பர் தண்ணீர் எமரியை ஆயிலில் நனைத்து, கையால் சுற்றிக்கொண்டே ஏற்றி இறக்கி, வலச்சுற்று ஒருமுறை, இடச்சுற்று ஒருமுறை என்று தேய்த்தால் ஓரளவு குறுக்குக் கோடு விழும். கட்டையில் சுற்றி மேலும் கீழும் மட்டும் தேய்ப்பது தவறு. அப்படி விழும் நெடுக்குக் கோடுகள் ஆயில் மேலேறுவதற்கும் வாயு கீழே இறங்குவதற்கும் வாய்க்கால் வெட்டித் தருகின்றன.

உலோகத்துக்கு வருவோம். ஆயில் எஞ்சின், பவர் டில்லர், ஜி.எக்ஸ். வகைப் பெட்ரோல் எஞ்சின் எல்லாவற்றிலும் ரிங்கு உரசுவது வார்ப்பிரும்பில்தான். அலுமினிய பிளாக்காக இருந்தாலும் உள்ளே இரும்பு ஸ்லீவ் இருக்கும். பழைய எக்ஸ்.எல். வண்டிக்குப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழக்கமே அது இரும்பு என்பதற்குச் சான்று. பிரஷ் கட்டரிலும் மரம் அறுக்கும் செயின் ஸாவிலும் கதை வேறு. அவற்றின் சிலிண்டர் பெரும்பாலும் அலுமினியம். உட்சுவரில் தாள் கனத்துக்குக் குரோமியமோ, 1967-இல் ஜெர்மனியின் மாலே கம்பெனி கொண்டுவந்த நிக்காசிலோ பூசியிருக்கும். இவை இரும்பைவிடப் பல மடங்கு கடினம். சாதாரணக் கல்லை விட்டால் ஒன்று கல் வழுக்கும், இல்லை பூச்சு உரிந்து அடியிலிருக்கும் அலுமினியம் எட்டிப்பார்க்கும். அதோடு சிலிண்டர் குப்பைக்குத்தான். சந்தேகம் வந்தால் ஒரு சிறு காந்தத்தை உள்ளே தொட்டுப் பார்க்கலாம். பலமாகப் பற்றினால் இரும்பு. பற்றாவிட்டாலோ லேசாக மட்டும் இழுத்தாலோ அது பூச்சு. பூச்சுள்ள சிலிண்டரில் ஹோன் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டை ஆயிலில் நனைத்துக் கையால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கல்லின் நம்பர் பற்றி வாக்குவாதம் அதிகம், விஷயம் சின்னது. சாதாரண வார்ப்பிரும்பு ரிங்குக்கும் குரோம் பூசிய ரிங்குக்கும் 180 முதல் 240 வரை போதும். மாலிப்டினம் பூசிய ரிங்குக்கு 280-க்கு மேல் போகலாம். இரும்புத் துளைக்கு சிலிக்கன் கார்பைடு. ஒரே ஒரு பால் ஹோன்தான் வாங்க முடியும் என்கிறவருக்கு 240 என்பேன்.

வாங்கிய பிறகு கெடுப்பது பெரும்பாலும் கை டிரில்லின் வேகம். குறுக்குக் கோடுகள் ஏறக்குறைய 45 பாகையில் வெட்டிக்கொள்ள வேண்டும். அதாவது ஒவ்வொரு கோடும் படுக்கையிலிருந்து சுமார் 22 பாகை சாய வேண்டும். கோணத்தைத் தீர்மானிப்பது சுழலும் வேகத்துக்கும் நாம் ஏற்றி இறக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம். 80 மி.மீ. துளையில் டிரில் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், சுவரில் கல் ஓடும் வேகம் நிமிடத்துக்கு 75 மீட்டர். அந்தச் சாய்வுக்கு நம் கை நிமிடத்துக்கு 31 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். ஒருமுறை போய்வர 36 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 86 தடவை. இது கையால் முடியும். வேகம் குறைக்க வழியில்லாத, 2,800 சுற்று சுற்றும் சாதா டிரில்லை மாட்டிவிட்டு நிதானமாக நிமிடத்துக்கு 60 தடவை இழுத்தால் கோடு இரண்டு பாகைகூடச் சாயாது. வளையம் வளையமாகப் படுத்த கோடுகள்தான் கிடைக்கும். ரிங்கு அவற்றின் மேல் தடதடத்து ஓடும், ஆயில் சரியாக வழிக்கப்படாது. வேகம் கட்டுப்படுத்தும் டிரில் இல்லாதவர் நல்ல ஹோன் வாங்கியும் பயனில்லை. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் டிரில்லுக்குச் செலவிடுங்கள்.

இரண்டு ஹோனையும் வெளியே எடுக்கும் முறை நேர் எதிரானது. மூன்று கல் ஹோனைச் சுழலவிட்டபடி வெளியே இழுக்கவே கூடாது. கைகள் விரிந்து கல் தெறிக்கும், முகத்தில் படும். டிரில்லை நிறுத்தி, கைகளை மடக்கிப் பிடித்து எடுக்க வேண்டும். பால் ஹோன் சுழன்றபடியே உள்ளே போய்ச் சுழன்றபடியே வெளியே வர வேண்டும். நின்ற நிலையில் இழுத்தால் நெடுக்குக் கீறல் விழும். கல் ஹோனுக்கு டீசலோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் ஆயில் கலந்து விடலாம். பால் ஹோனுக்கு எஞ்சின் ஆயிலே நல்லது. பெட்ரோல் எதற்கும் ஆகாது, டிரில்லின் பொறி போதும் தீப்பிடிக்க. 10 முதல் 20 தடவை போய்வந்தால் மெருகு போய்விடும். அதற்கு மேல் விடுவது துளையை வீணாகப் பெரிதாக்குவது.

வேலையின் பாதி இங்கே முடிகிறது. மீதி பாதியைத்தான் பலரும் செய்வதில்லை. ஹோன் விட்ட சுவரில் உதிர்ந்த உராய்வுத் தூளும் இரும்புத் தூளும் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். டீசலை ஊற்றிக் கழுவிக் காற்றடித்து மாட்டிவிடுகிறார்கள். டீசல் ஆயிலைத்தான் கரைக்கும். தூளைப் பள்ளத்திலிருந்து தூக்காது. வெந்நீர், சோப்புத்தூள், விறைப்பான பிரஷ். நுரை வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும். துடைத்த உடனே வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வந்தபின் தாமதிக்காமல் சுவர் முழுக்க ஆயில் பூசி விடுங்கள். ஐப்பசி ஈரத்தில் பச்சை இரும்பு அரைமணி நேரத்தில் துருப்பிடித்துவிடும். கிராங்கைக் கழற்றாமல் பிளாக்கோடு ஹோன் விடுவதை நான் எதிர்ப்பதும் இந்தத் தூளுக்குப் பயந்துதான். அடியில் துணி அடைத்தால் போதும் என்பார்கள். துணியைத் தாண்டிப் பேரிங்கில் இறங்கும் ஒரு சிட்டிகைத் தூள், ரிங்கில் மிச்சப்படுத்திய செலவைப் போல நாலு மடங்கை வாங்கிவிடும்.

கடைசியாக, எஞ்சினை மறுபடி ஓட்டும் முதல் சில மணி நேரம். "பத்து மணி நேரம் பாரமில்லாம மெதுவா ஓட்டு" என்று சொல்லி அனுப்புவது இங்கே பழக்கம். டீசல் எஞ்சினுக்கு இது நேர் எதிரான பலனைத் தருகிறது. ரிங்கு படிய வாயு அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்குப் பாரம் வேண்டும். சில நிமிடம் சூடேறவிட்டு, உடனே பம்பைப் பூட்டி, பாதிக்கு மேல், முக்கால் பாரம் வரை கொடுத்து ஓட்டுவதே சரி. இந்த நேரத்தில் சாதாரண மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ரிங்கு படிவதைத் தாமதப்படுத்தலாம். மூன்றில் ஒரு பங்கு பாரத்தில் ஓடும் எஞ்சினை அப்படியே விட்டால் மெருகு திரும்ப வரும். அதே எஞ்சினில் இரண்டாவது குழாய்க்குத் தண்ணீர் பிரிக்கும் வேலையோ, பெரிய பம்போ, ஆழ்குழாய் தாங்குமானால் கூடுதல் இறைப்போ கொடுக்கலாம். அதற்கு வழியில்லாதவர் அடுத்த எஞ்சின் வாங்கும்போது மூன்று குதிரைசக்தியைக் கேட்டு வாங்கட்டும். ஓட்டத் தொடங்கி இருபது மணி நேரத்தில் ஆயிலை மாற்றி, கிராங்க் கேஸ் மூச்சுக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். புகையும் ஆயில் துளியும் குறைந்திருந்தால் ரிங்கு படிந்துவிட்டது.